படிவத்தில் மூன்றாவது பெயர்

ஹேர்னிங், டென்மார்க்
04.06.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிரதாபன் எழுதுவது. நானும் சாரங்காவும் மகன் லக்ஷனும் நல்ல சுகம். அத்தானின் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? மகள் யதுர்ஷிகா கம்பஸ் லீவில் வந்துவிட்டாளா? உங்கள் எல்லோருக்கும் வற்றாப்பளை அம்மன் துணையிருக்கட்டும்.

முந்தநாள்தானே வட்ஸ்அப்பில் முக்கால் மணித்தியாலம் கதைத்தோம், இவனுக்கு என்ன வந்தது, கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. கிணறு வெட்ட நான் அனுப்பிய ஆறு இலட்சம் ரூபாய் வழியில் தொலையவில்லை. இங்கே என் வங்கியிலேயே நிற்கிறது.

பயங்கரவாதத்துக்குக் காசு போகாமல் தடுக்க அரசாங்கங்கள் ஒன்றுக்கொன்று பெயர்ப் பட்டியல் கொடுத்து வாங்குகின்றன. அப்படிக் கொழும்பிலிருந்து வந்த ஒரு பட்டியலில் கதிர்காமநாதன் பிரதாபன் என்று ஒருவர் இருக்கிறாராம். அப்பாவின் பெயரும் என் பெயரும் அப்படியே. யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. கணினி மட்டும் எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது.

வங்கியில் இதைப் பார்க்கிற பெண்ணின் பெயர் மெத்தே. முப்பது வயதுகூட இருக்காது. கோப்பியும் தருகிறாள், சந்தேகமும் படுகிறாள். காசைப் பெறுகிறவர் யார், எனக்கு என்ன உறவு, காசு எதற்கு, குடும்பத்தில் யார் யார் என்று உங்கள் கையெழுத்தில் கடிதம் வேண்டுமாம். வீட்டுக்கே கொண்டுவந்து கையில் காசு தருகிற உண்டியல்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சாரங்கா சொல்கிறாள். ஒரே நாளில் வந்துவிடும்தான். ஆனால் இந்த நேரத்தில் அதைச் செய்தால் இவர்கள் சந்தேகப்படுகிற ஆளாகவே நான் ஆகிவிடுவேன்.

நான் வந்த புதிதில் நீங்கள் நீலநிற எயார்மெயில் தாளில் மூலைமுடுக்கெல்லாம் நிரப்பி எழுதுவீர்களே, அப்படி ஒன்று எழுதுங்கள். மழைக்கு முன் கிணறு முடிய வேண்டும்.

அன்புத் தம்பி,
பிரதாபன்

❖

வட்டக்கச்சி
25.06.2023

பேரன்புடைய தம்பி பிரதாபனுக்கும், இதனை வாசிக்கும் வங்கி உத்தியோகத்தர் அவர்களுக்கும்,

வணக்கம். நாம் நலம். தங்கள் நலமறிய ஆவல். எனது கணவர் செல்வநாயகத்தின் முழங்கால் வேதனை சற்றுக் குறைந்துள்ளது. நிற்க.

செல்வநாயகம் சிவலட்சுமி ஆகிய நான், மேற்படி பிரதாபனின் உடன்பிறந்த மூத்த சகோதரி என்பதை இத்தால் உறுதிப்படுத்துகின்றேன். எமது வளவிலுள்ள பழைய கிணற்றுத் தண்ணீர் உவராகிவிட்டது. குடிதண்ணீருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியைப் பார்த்திருக்கின்றோம். ஆகையால் புதிய கிணறு வெட்டும் வேலையை முல்லைத்தீவைச் சேர்ந்த ஜனாப் ஹமீட் அவர்களிடம் ஒப்படைத்துள்ளோம். மாரி மழைக்கு முன்னர் சீமெந்து வளையம் இறக்காவிடில் வெட்டிய கிணறு இடிந்துபோகும். பணம் இதற்கன்றி வேறெதற்கும் அல்ல.

எமது தந்தையார் கதிர்காமநாதன், தாயார் இராசேஸ்வரி. இருவரும் காலமாகிவிட்டனர். அவர்களுக்கு நாம் இரு பிள்ளைகள்.

இவ்வண்ணம்,
உண்மையுள்ள,
செ. சிவலட்சுமி

❖

ஹேர்னிங்
18.07.2023

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? நாங்கள் சுகம். இங்கே கோடை. பத்து மணிக்கும் வெளிச்சமாக இருப்பதால் லக்ஷன் படுக்கமாட்டேன் என்று சண்டை பிடிக்கிறான்.

உங்கள் கடிதம் அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த அறிவித்தல் மாதிரி இருந்தது. ‘இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்’ என்று வாசித்துவிட்டு நானும் சாரங்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் விடவில்லை. மெத்தே என்னைக் கண்டதும் முதலில் கேட்டது அத்தானின் முழங்காலைப் பற்றித்தான்.

பட்டியலில் இருக்கிற ஆள் நானில்லை என்று ஏறக்குறைய நம்பிவிட்டாள். அவர் பிறந்த ஆண்டு வேறு. ஆனால் முடிவெழுத ஒரு விசயம் தடுக்கிறதாம். நீங்கள் இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடையாளத்துக்கு நான் கொடுத்த பழைய அகதிக் கோப்பில், 2006 இல் இங்கே பதிந்தபோது மூன்று பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு தாளும் அவளுடைய மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அவசரத்தில் அக்கா விட்டுவிட்டா என்று சொல்லி வைத்தேன். இன்னொரு கடிதம் அனுப்புங்கள். ஒரு வரி போதும்.

அன்புடன்,
பிரதாபன்

❖

வட்டக்கச்சி
09.08.2023

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் உடம்பையும் கவனி. வேலைக்குப் போகிறபோது காதை மூடிக்கொண்டு போ, கோடையென்றாலும் அந்த நாட்டுக் காற்றை நம்பக்கூடாது.

கிணற்றில் இருபத்திரண்டு அடியில் ஊற்றுக் கண்டுவிட்டார்கள். ஹமீட் நானா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, “தங்கச்சி, இது தேத்தண்ணிக்கெண்டே வந்த தண்ணி” என்றார். கூலியைப் பிறகு பார்ப்போம் என்கிறார். வளையத்துக்கும் சீமெந்துக்கும்தான் கடைக்காரன் காசை முதலில் வைக்கச் சொல்கிறான்.

ஊற்று வந்த அன்று அப்பாவை நினைத்து அழுதேன். பழைய கிணறு வெட்டியபோது உனக்கு ஆறு வயதிருக்கும். அப்பா உன்னை வாளிக்குள் இருத்திக் கீழே இறக்க, அம்மா மேலே நின்று ஊரைக் கூட்டினா. நீ கீழேயிருந்து, “அம்மா, இஞ்சை குளுகுளு எண்டிருக்கு, நீங்களும் வாங்கோ” என்று கூப்பிட்டாய். அந்தக் காலத்தில் எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை, ஆனால் வீடு நிறையச் சத்தமிருந்தது.

நீ கேட்டதற்காகக் கிராம சேவையாளரிடம் குடும்ப விபரப் பத்திரம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரை குத்தியது. அதிலும் இருவர்தான். அரசாங்கப் பத்திரத்தைக் காட்டினால் அந்தப் பிள்ளை நம்புவாதானே.

அக்கா,
சிவலட்சுமி

❖

ஹேர்னிங்
30.08.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

முத்திரை குத்திய பத்திரம் வந்தது. கதிர்காமநாதன், இராசேஸ்வரி, பிள்ளைகள் இருவர். எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார்கள். செந்தூரன் என்று ஒருவன் எங்கள் வீட்டில் பிறக்கவே இல்லை.

அக்கா, உங்களுக்கு மறக்காது. உங்கள் மடியில்தானே அவன் வளர்ந்தான். மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொடுத்து ரேடியோ கேட்போமே. கால் எட்டாத வயதில் அவன்தான் பெடலைக் கையால் சுற்றுவான். பிடித்த பாட்டு வந்தால் வேகமாகச் சுற்றுவான். செய்தி வந்தால் கை உளைகிறது என்று விட்டுவிடுவான். அப்பா, “டேய், செய்தி முடியுமட்டும் சுத்தடா, உனக்குக் கச்சான்கடலை வாங்கித் தாறன்” என்று கெஞ்சுவார். எங்கள் வீட்டில் அரைச் செய்திதான் எப்போதும் கேட்டது.

நான் வெளிக்கிட்டபோது அவனுக்குப் பதினைந்து வயது. அதன் பிறகு என்ன நடந்தது என்று நான் உங்களிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். “அதை விடு” என்பீர்கள், அல்லது லைன் வெட்டுப்பட்டுவிடும். யோசித்துப் பார்க்கிறேன், இந்தப் பதினைந்து வருடத்தில் அவனுடைய பெயரை நீங்கள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

எனக்குக் கோபம்தான். மறைக்கவில்லை. ஏன் அவனை வெட்டிவிட்டீர்கள் என்று எழுதுங்கள்.

பிரதாபன்

❖

வட்டக்கச்சி
20.09.2023

அன்புள்ள தம்பிக்கு,

சாரங்காவையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல். உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். யதுர்ஷிகாவுக்குக் காட்டவில்லை.

நான் வெட்டவில்லை. அம்மா வெட்டினா. 2009 ஆனியில், சண்டை முடிந்து, செட்டிகுளம் அகதி முகாமில் ஆமி பதிகிற மேசைக்கு முன்னால் கியூவில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெண், “மூண்டாவது பெடியனை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனது, ஐயா” என்று உள்ளதைச் சொன்னா. அவாவைத் தனியே பிரித்து வேறு கூடாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். பின்னேரம்வரை அவா திரும்பி வரவில்லை, பிள்ளைகள் கியூவிலேயே நின்று அழுதன. எங்கள் முறை வந்ததும் அம்மா என் கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பிள்ளையள். மூத்தவள் இவள், மற்றவன் வெளிநாட்டில” என்றா.

அன்று தொடங்கியது. பங்கீட்டு அட்டையில் இரண்டு. வீட்டுத்திட்டப் படிவத்தில் இரண்டு. காணாமல் போனோரைப் பதிய வந்தபோதும் அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டா. பிறகு கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குப் போய் இருந்துகொண்டு, இறங்குகிற பெடியன்களின் முகத்தைப் பார்ப்பா. சாகும்வரை அப்படித்தான்.

இப்போது போய் மூன்று என்று எழுதினால், இத்தனை வருடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். இயக்கத்தில் இருந்தவனின் வீடு என்று தெரிந்தால் உன் வங்கிக்காரி காசை விடுவாளா? யதுர்ஷிகா படிப்பு முடித்து அரசாங்க வேலைக்கு எழுதிப்போட வேண்டியவள். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

நீ ஒன்று செய். அங்கே நீ சொன்னதுதான் பிழை, நாங்கள் இரண்டு பேர்தான் என்று திருத்திக் கொடு. எல்லாத் தாளும் ஒன்றாகிவிடும். கோபிக்காதே.

அக்கா

❖

ஹேர்னிங்
11.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? அங்கே வானம் கறுக்கத் தொடங்கியிருக்கும். கிணற்றை நினைத்து எனக்கு நித்திரை இல்லை.

நீங்கள் சொன்னபடி போனேன். திருத்தலாம் என்று மெத்தே சொன்னாள். தவறுதலாக ஒரு சகோதரனைக் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அன்றைக்கே காசு போகும். பேனையும் தந்தாள். என் கை போகவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவனை இயக்கம் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனது என்று ஊர்ச் சனத்திடம் கேள்விப்பட்டு நான் சொன்னது என் அகதிக் கோப்பில் 2009 முதலே இருக்கிறது. மெத்தே அதை வாசித்திருக்கிறாள். அதற்காகக் காசை மறிக்கவில்லை, இரண்டு பேரும் வேறு வேறு சொல்வதற்காகத்தான் மறித்திருக்கிறது. நீங்கள் பயப்படுகிற விசயம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்லத் துணிவில்லாமல் எழுதுகிறேன். சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்ட காலம் அது. நான் நின்றிருந்தால் என்னைத்தான் கேட்டிருப்பார்கள். நான் வெளிக்கிட்டேன், அவன் அகப்பட்டான். நீங்கள் இதை ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் மனதில் இருப்பது அதுதான் என்று எனக்குத் தெரியும். சொல்லி ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

குடும்பப் படிவம் ஒன்று இத்துடன் இருக்கிறது. பெற்றாரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர், பிறந்த திகதி, உயிருடன் இருக்கிறாரா இறந்துவிட்டாரா, முகவரி. நிரப்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் அவன் பிறக்கவில்லை என்று நான் எழுதமாட்டேன்.

பிரதாபன்

❖

ஹேர்னிங்
19.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து கிழமையாகக் கடிதம் இல்லை. போன் எடுத்தால் யதுர்ஷிகா, “அம்மா கச்சேரிக்குப் போட்டா, மாமா” என்கிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. கிளிநொச்சியில் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன். கிணறு என்னவானது?

நான் எழுதியதில் மனம் நொந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கோபமென்றாலும் இரண்டு வரி எழுதுங்கள்.

தம்பி

❖

வட்டக்கச்சி
10.12.2023

அன்புள்ள தம்பி பிரதாபனுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே.

முதலில் கிணறு. கார்த்திகை மழையில் கிழக்குப் பக்கம் முழுதும் சரிந்துவிட்டது. ஹமீட் நானா நனைந்துகொண்டு வந்து பார்த்துவிட்டு, “தண்ணி எங்கயும் போகாது தங்கச்சி, சித்திரையில திரும்ப வெட்டுவம்” என்றார். நான் அழவில்லை. அந்தக் கிழமை எனக்கு வேறு அலுவல் இருந்தது.

அவனுடைய பிறப்புப் பத்திரம் எடுக்கத்தான் கச்சேரிக்கு நடந்தேன். நாலு நாள். பழைய பதிவுகள் சண்டையில் குலைந்துபோனதால், பக்கம் பக்கமாகத் தேடினார்கள். நாலாம் நாள் கௌசலா என்கிற கிளார்க் பிள்ளை, “அன்ரி, இவரோ?” என்று கொப்பியைத் திருப்பிக் காட்டினா. அப்பாவின் கையெழுத்தும் அதில் இருந்தது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. அந்தப் பிள்ளை கதிரை தந்து, தண்ணீர் தந்து, பிரதியும் எழுதித் தந்தா.

அதைக் கொண்டுபோய்க் கிராம சேவையாளரிடம் கொடுத்து, மூன்று என்று திருத்தச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. “அம்மா, இப்பிடித் திருத்துறது இந்தப் பிரிவில உங்களோட அஞ்சாவது வீடு” என்றார்.

இனி நீ எழுதியதற்கு வருகிறேன். உன் மேல் நான் ஒருநாளும் கோபப்படவில்லை. கடைசி மாதங்களில் வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கெல்லாம் இல்லை, நீ நின்றிருந்தால் உன்னையும் கொண்டுபோயிருப்பார்கள், அவனையும் கொண்டுபோயிருப்பார்கள். நடந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை, உன் அத்தானுக்கும் சொல்லவில்லை.

2008 ஐப்பசி, அப்பா இல்லாத முதல் வருடம். பின்வளவில் பங்கருக்குள் அவனை ஒளித்து வைத்திருந்தோம். அன்று காலை இயக்கத்திலிருந்து மூன்று பேர் வந்து அம்மாவோடு கதைத்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையால் போய் மறையுமட்டும் நான் குசினியில் நின்று கேட்டேன். புட்டு அவித்திருந்தேன். அவன் முதல்நாள் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. குசினி வாசலில் நின்று, “செந்தூரன், அவங்கள் போட்டாங்கள், வாடா, வந்து சாப்பிடு” என்று கூப்பிட்டேன். அவன் வெளியே வந்தான். மோட்டார் சைக்கிளில் போனது இரண்டு பேர். மூன்றாவது ஆள் வேலியோரம் நின்றதை நான் காணவில்லை.

அவன் அழவில்லை. கத்தவில்லை. “புட்டை மூடி வையுங்கோ அக்கா, வந்து சாப்பிடுறன்” என்று சொல்லிவிட்டுப் போனான். தேடிக் கண்டுபிடித்தார்கள் என்றே அம்மா நினைத்தா. நான் அப்படியே விட்டுவிட்டேன். அதன் பிறகு அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை, தம்பி. கூப்பிட்டால் திரும்பவும் ஏதோ நடந்துவிடும் என்று ஒரு பயம். அம்மா இரண்டு பிள்ளைகள் என்று சொன்னபோது, கடவுளே, எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இல்லாத ஒருவனை நான் எப்படிக் கூப்பிட்டிருக்க முடியும்?

படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். மூன்றாவது பெயர், கதிர்காமநாதன் செந்தூரன். பிறந்த திகதி பத்திரத்தில் உள்ளபடி. உயிருடன், இறந்துவிட்டார் என்ற இரண்டு கட்டத்திலும் நான் ஒன்றும் போடவில்லை. போடச் சொல்லிக் கேட்காதே. முகவரிக்கு இந்த வீட்டின் முகவரியை எழுதியிருக்கிறேன். அவனுக்கு வேறு முகவரி எனக்குத் தெரியாது. இதைப் பார்த்துவிட்டு அந்த வங்கிப் பிள்ளை காசை விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி.

உன் அக்கா,
சிவலட்சுமி

❖

ஹேர்னிங்
09.01.2024

என் அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இங்கே முழங்கால் மட்டும் பனி.

காசு நேற்று விடுபட்டது. நாலைந்து நாளில் வரும். படிவத்தை மொழிபெயர்ப்போடு வைத்துக்கொண்டு மெத்தே இரண்டு கட்டமும் வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். இப்படி வந்தால் கணினி ஏற்காது, திருப்பி அனுப்ப வேண்டும் என்றாள். பிறகு எழும்பிப் போய்த் தன் பெரியவரோடு கதைத்துவிட்டு வந்து, ‘தெரியவில்லை’ என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சரிபார்க்க மூன்று பெயரையும் சத்தமாக வாசித்தாள். அவனுடைய பெயரை அரைகுறையாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய், பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். இல்லை, சரியாகச் சொன்னாய் என்றேன்.

அக்கா, உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் மொழிபெயர்க்கக் கொடுக்கவில்லை. அது எனக்கு எழுதியது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்த தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள். வேறொன்றும் நீங்கள் செய்யவில்லை. இதை இத்தனை வருடம் தனியே வைத்துக்கொண்டு, என்னிடம் காதை மூடு, சாப்பிடு என்று மட்டும் கதைத்தீர்களே.

பெப்ரவரி முதலாம் சனிக்கிழமை, உங்கள் நேரம் காலை பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் எடுப்பேன். அத்தானையும் யதுர்ஷிகாவையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குழந்தையில் கண்ட சின்ன மாமாவை அவள் மறந்திருப்பாள், அப்படி ஒருவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நான் ஹலோ சொல்லமாட்டேன். முதலில் நீங்கள் அவனுடைய பெயரைச் சொல்லுங்கள், பிறகு கதைப்போம்.

உங்கள் தம்பி,
பிரதாபன்